சொல்லாமல் விட்டால் எந்த முனை?

ஹோபார்ட் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் நிரலைச் சிப்பின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் என்ற மென்பொருளைச் செய்யும் அலுவலகத்தில் டூகல் பிரெண்டிஸுக்கு ஒரே ஆசைதான். நினைவக அமைப்புப் பகுதிக்குப் பொறுப்பாளர் ஆக வேண்டும். வேலை தெரியாதவன் என்று சொல்ல முடியாது. படித்துப் பார்க்கிற வேலை மட்டும் அவனுக்கு ஆகாது.

குழுத் தலைவி வெரிட்டி, கம்பைலரைப் பயன்படுத்துகிறவர்களுக்காக ஒரு விளக்கப் பக்கம் எழுதச் சொன்னாள். நிரலைச் சிப்புக்கு அனுப்புமுன் கம்பைலர் அதை ஓர் இடைமொழிக்கு மாற்றிக்கொள்ளும். அந்தக் கோப்பின் தலையில், எண்களை நினைவகத்தில் எப்படி அடுக்குவது என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி இல்லாவிட்டால் கம்பைலர் தானாக எதை எடுத்துக்கொள்ளும் என்பதைத்தான் எழுத வேண்டும். ஒழுங்காக முடித்தால் பொறுப்பு அவனுக்கு.

கம்பைலரின் மூல நிரலை நம் மகான் டூகல் திறக்கவே இல்லை. தன் மடிக்கணினியில் ஏதோ ஒரு சின்ன நிரலை ஓட்டினான். வந்த கோப்பின் தலை வரியைப் பார்த்து அப்படியே அட்டவணை போட்டான். எண்ணின் சின்ன முனைதான், அதாவது ஒன்றின் இடம் இருக்கும் கடைசிப் பகுதிதான், நினைவகத்தில் முதலில் வரும் என்று எழுதிவிட்டு, வறுத்த மீன் வாங்கக் கிளம்பிவிட்டான். அந்த வரி அவனுடைய மடிக்கணினிக்காகவே கம்பைலர் போட்டுக் கொடுத்தது. தன் வீட்டு அடுப்படியைப் பார்த்து ஊர்ச் சமையலை எழுதி முடித்தவன் அவன்.

சரிபார்க்க வேண்டியவர்கள் சோம்பலில் அவனுக்கும் மேல். பக்கத்தைத் திறக்காமலே, சரி என்று கட்டைவிரலைத் தூக்கிவிட்டார்கள். அதே குழுவில் இருந்த டனீடன்காரி நைரி மட்டும் அவன் மேஜைக்கு வந்தாள்.

"இதெல்லாம் எங்கேருந்து எடுத்தே?"

"ஓட்டிப் பாத்துதான்."

"தலை வரிய அழிச்சிட்டு ஓட்டினியா?"

"எனக்கே பாடமா? மத்தவங்க எல்லாரும் ஓகே சொல்லியாச்சு."

"அவங்க மத்தியானச் சாப்பாட்டு மெனுவுக்கும் அதே கட்டைவிரலத்தான் காட்டினாங்க."

பக்கம் வெளியானது. டூவூம்பாவில் பண்ணை நீர்ப்பம்புக்குச் சிப் செய்யும் காலின் அதை நம்பினான். அவன் சிப்பும் சின்ன முனைக்காரன்தான். அதனால் அந்த வரியை எழுதாமல் விட்டான். கம்பைலரோ பெரிய முனையை முதலில் வைத்தது. ஒன்று என்று அனுப்பிய எண் ஒன்றரைக் கோடியைத் தாண்டி நின்றது.

புகார் வந்ததும் டூகல் ஒரு யோசனை சொன்னான். பக்கத்தைத் திருத்த வேண்டாமாம், பக்கத்துக்கு ஏற்றபடி கம்பைலரையே மாற்றிவிடலாமாம். நைரி சிரித்து ஓய்ந்து, அந்த வரி இல்லாமல் இத்தனை வருடமாக ஓடுகிற பழைய கோப்பெல்லாம் கவிழ்ந்துவிடும் என்றாள்.

வெரிட்டி காலினைத் தொலைபேசியில் பிடித்து, அதை டூகலின் முன்னால் வைத்தாள். நான் சரிபார்க்கவில்லை, தப்பாக எழுதிவிட்டேன் என்று சொன்னால் போதும், பொறுப்பு இன்னும் அவனுக்குத்தான் என்று அவனிடம் முன்பே சொல்லியிருந்தாள்.

டூகல் தொலைபேசிப் பக்கம் குனிந்தான். "அந்தப் பக்கம் கொஞ்சம் பழசாயிடுச்சு, காலின்."

"போன மாசந்தானே போட்டீங்க?"

வெரிட்டி தொலைபேசியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, இனி இந்தப் பகுதிக்கு நைரியிடம் பேசுங்கள் என்று காலினிடம் சொன்னாள்.

சாயங்காலம் டூகல் பக்கத்தைத் திருத்தினான். சின்ன முனை என்றிருந்த இடமெல்லாம் பெரிய முனை ஆனது. என்ன மாற்றினாய் என்று கேட்கும் கட்டத்தில், நடையைச் சற்றுத் தெளிவாக்கியதாக எழுதிவிட்டு வீட்டுக்குப் போனான்.