வெள்ளிக்கிழமை உடைத்த டெபாசிட்

என் வீட்டுக்காரர் ஓட்டிய ஆட்டோ அவருடையது அல்ல. இரண்டு வருஷமாக எங்கள் வாசலில்தான் நின்றது. துடைத்ததும் பொட்டு வைத்ததும் நான்தான். ஆனாலும் தினமும் சாயங்காலம் ஓனர் வீட்டுக்குப் போய் வாடகையைக் கொடுத்துவிட்டு வர வேண்டும். எங்கள் ஊர் ஆசிரமத்துப் பக்கம் நல்ல சவாரி கிடைத்தாலும் சரி, ஸ்டாண்டில் நாள் முழுக்க ஈ ஓட்டினாலும் சரி, வாடகை வாடகைதான்.

ஒரு வியாழக்கிழமை வாடகை கொடுக்கப் போனவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். ஓனர் வண்டியை விற்கப் போகிறாராம். போளூரிலிருந்து ஒரு பார்ட்டி சனிக்கிழமை விடிந்ததும் ரொக்கத்தோடு வருகிறது. அதற்குள் முழுப் பணத்தையும் கொடுத்தால் வண்டி உனக்கே என்று சொல்லிவிட்டாராம். வண்டி போனால் எங்கள் பிழைப்பும் கூடவே போய்விடும்.

எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். கல்யாணத்துக்கு நகை குறைவாகப் போட்ட மனக்குறையில், கீழ்பென்னாத்தூரில் இருந்த என் அப்பா நிலத்தில் விளைந்த மல்லாட்டைக் கடலை விற்ற பணத்தை என் பெயரில் ஐந்து வருஷ டெபாசிட்டாகப் போட்டிருந்தார். அது முடிய இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

"அந்த டெபாசிட்ட உடைச்சிடலாம்" என்றேன்.

மனுஷன் சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், காலண்டரைப் பார்த்தார். "நாளைக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை யாராவது பணத்த வெளிய குடுப்பாங்களா? மகாலட்சுமி போயிடும்."

"பேங்க்ல இருந்து நம்ம கைக்குத்தானே வருது? லட்சுமி வீட்டுக்கு வர்றதுக்கு வெள்ளிக்கிழமைய விட நல்ல நாள் இன்னா இருக்குது?"

அவர் டெபாசிட் ரசீதை எடுக்கப் பெட்டியைத் திறந்தார். வந்த பணத்தை அன்றைக்கே கொடுத்தாக வேண்டுமே என்பதை நானும் யோசிக்கவில்லை.

பேங்கில் இருந்த ஆபீசர் நல்லவர். ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்ப எடுத்தா வட்டி ரொம்பக் கம்மியாயிடும்மா. வேணும்னா டெபாசிட் மேலயே லோன் தர்றோம்" என்றார். லோனில் முழுத்தொகை வராது.

"ரெண்டு வருஷத்துல நாங்க குடுக்கப்போற வாடகை உங்க வட்டிய விட ஜாஸ்தி சார்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, ரசீதின் பின்னால் ஸ்டாம்ப் ஒட்டி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

பணத்தை டிபன் கேரியருக்குள் வைத்துக்கொண்டு நேராக ஓனர் வீட்டுக்குப் போனோம். ஓனர் கை நீட்டினார். உள்ளேயிருந்து அவர் சம்சாரம் ஓடி வந்தார். "பணம் வரட்டும். வண்டிய மட்டும் வெள்ளிக்கிழமை குடுக்க மாட்டேன். ஆர்சி புக்க நாளைக்கு வாங்கிக்கோங்க."

"அப்ப பணத்தையும் நாளைக்கே தர்றேம்மா" என்று என் வீட்டுக்காரர் கேரியரை இழுத்துக்கொண்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

விடிந்தால் போளூர் பார்ட்டி வந்துவிடும். எனக்கு வந்ததே கோபம்!

"இன்னாம்மா, வண்டி ரெண்டு வருஷமா எங்க வாசல்லதானே நிக்குது? உங்க வீட்ட விட்டு இன்னா வெளிய போவப் போவுது?" என்று அந்த அம்மாவைக் கேட்டேன். அப்படியே இவர் பக்கம் திரும்பினேன். "நீங்க எந்த வெள்ளிக்கிழமையாவது வாடகை குடுக்காம இருந்தீங்களா? அப்பல்லாம் போகாத லட்சுமி இன்னிக்கு மட்டும் கிளம்பிடுவாளா?"

முதலில் சிரித்தது ஓனர்தான். பிறகு அந்த அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "உன் பொண்டாட்டிகிட்ட நான் வாய் குடுக்க மாட்டேம்பா" என்று இவரிடம் சொல்லிக்கொண்டே உள்ளே போய், ஆர்சி புக்கில் மஞ்சள் தடவிக் கொண்டு வந்தார். பணத்தை வாங்கிக்கொண்டு, வெற்றிலையில் ஒரு ரூபாய் வைத்து என்னிடம் திருப்பித் தந்தார். எங்கள் வீட்டு லட்சுமியும் போகாமல் இருக்க வழி பண்ணியாயிற்று.

அன்று சாயங்காலம் இவர் வழக்கம்போல் சட்டையை மாட்டிக்கொண்டு, "வாடகை குடுத்துட்டு வந்துடறேன்" என்று வண்டியைக் கிளப்பிவிட்டார். நான் கூப்பிட்டது காதில் விழவில்லை. தெருமுனையில் வண்டி நின்றது. பிறகு திரும்பி வந்தது.

இறங்கி வந்தவர் பாக்கெட்டிலிருந்த நோட்டுகளை என் கையில் வைத்தார். "இனிமே ஓனர் நீதான். வாங்கிக்கோ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை, எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினேன்.