அண்ணன் ஓடிய தூரம்

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பகுதி இளைஞர் மன்றம் பொங்கலுக்கு ஒரு பந்தயம் நடத்தியது. வீரபாண்டித் தடுப்பணைக்கு மேலே தேங்கிய தண்ணீரில் இக்கரைக்கும் அக்கரைக்குமாக நீந்த வேண்டும். ஏறியதும் கரையில் நிற்கும் சைக்கிளை எடுத்துச் சின்னமனூர் போய்த் திரும்ப வேண்டும். பிறகு சைக்கிளைப் போட்டுவிட்டுப் பழனிசெட்டிபட்டி வரை ஓட வேண்டும். கப்பற்படையில் வேலைபார்த்த ஒருவர் விடுமுறைக்கு வந்த இடத்தில் சொன்ன யோசனை. டிரையத்லான் என்ற பெயரை நான் கேள்விப்பட்டது பல வருடம் கழித்துத்தான். அப்போது எங்களுக்கு அது ‘மூணு பந்தயம்’. ஒருவரே மூன்றையும் செய்யலாம், இரண்டு பேர் பங்குபோட்டுக்கொண்டும் செய்யலாம்.

முதல் வருடம் நானும் அண்ணனும் சேர்ந்து கலந்துகொண்டோம். நீச்சலும் சைக்கிளும் என் பங்கு. ஓட்டம் அண்ணனுடையது. நான் சைக்கிளை விட்டு இறங்கி அவன் கையைத் தொட்டபோது எங்களுக்கு முன்னால் ஐந்தாறு பேர் போய்க்கொண்டிருந்தார்கள். பழனிசெட்டிபட்டியில் அவன்தான் முதலில் நின்றான்.

அந்த வைகாசியில் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் வேலைபார்த்தான். கண் மஞ்சளாக இருக்கிறது என்று கடைக்காரர்தான் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், பத்தியம் வைத்தோம், அதற்கு மேல் முடியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வைகாசி முடிவதற்குள் போய்விட்டான். கல்யாணமாகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. பிள்ளை இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை. கொள்ளிவைத்துவிட்டு வந்து குளித்தேன், சாப்பிடச் சொன்னார்கள், சாப்பிட்டேன். காரியம் முடிந்ததும் மில்லுக்குப் போனேன். நூல் மில்லில் ஸ்பின்னிங் பிரிவில் எனக்கு வேலை. மெஷின் சத்தத்தில் யாரும் யாருடனும் பேச முடியாது என்பது அந்த மாதங்களில் எனக்குத் தோதாக இருந்தது. வீட்டிலும் அதே மாதிரிதான். அம்மா, மதினி, நான் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தோம், அண்ணன் பெயரை யாரும் எடுக்கவில்லை. குழம்பில் உப்பு இல்லை என்பதைக்கூட ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

ஐப்பசியில், மில்லில் என்னோடு வேலைபார்த்த நண்பன் வந்தான். மன்றத்திலும் அவன் இருந்தான்.

“பொங்கலுக்குப் பந்தயம் இருக்குப்பா. நீ வருவியான்னு கேக்கச் சொன்னாக. ஓடுறதுக்கு யாரையாச்சும் சேத்துக்கிறியா?”

“யாரும் வேணாம். நானே ஓடுறேன்” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆசை, வைராக்கியம் எதுவும் இல்லை. கேட்டான், சொல்லிவிட்டேன்.

எனக்கு ஓட வராது. நீந்துவேன், சைக்கிள் மிதிப்பேன், ஆனால் ஓட்டத்தில் என் உடம்பு பாரவண்டி. அதிலும் சைக்கிளை விட்டு இறங்கி உடனே ஓடுவது தனிக் கொடுமை. தொடை இரண்டும் மரக்கட்டையாக இருக்கும். கால் தரையில் படுவது காதுக்குக் கேட்கும், காலுக்குத் தெரியாது. நண்பன் பக்கத்தில் சைக்கிளில் வந்து வேகம் பார்த்தான். அவன் ஹேண்டில்பாரில் கைவைக்காமல் பீடி பற்றவைத்துக்கொண்டு மெதுவாக மிதிப்பான், அப்போதும் நான் பின்தங்கிவிடுவேன்.

“இந்த ஓட்டத்துக்கு நீ நடந்தே போயிரலாம்” என்றான் ஒருநாள். அவன் கேலிக்குச் சொல்லவில்லை.

அன்று ஷிப்டு முடிந்து ஓடிவிட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்து கான்வாஸ் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மதினி உள்ளே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்.

“காலை எட்டி வைக்கிறீகளோ?”

“ஆமா மதினி. எட்டி வச்சாத்தானே வேகம்?”

“அவுக எட்டி வைக்க மாட்டாக. சின்னச் சின்னதா, வெரசா வைப்பாக. எட்டி வச்சா ஒவ்வொரு தடவையும் பிரேக் போட்ட மாதிரின்னு சொல்வாக.”

ஐந்து மாதத்தில் அந்த வீட்டில் அண்ணனைப் பற்றி வந்த முதல் பேச்சு அது. அம்மா அடுப்படியில் இருந்தாள். பாத்திரச் சத்தம் நின்று, பிறகு மறுபடி கேட்டது. மதினி கீரையில்தான் கண்ணாக இருந்தார். நான் ஷூவைக் கொண்டுபோய் வெயிலில் வைத்தேன்.

மறுநாள் அடியைக் குறுக்கி ஓடினேன். மூச்சு வாங்கியது, ஆனால் தொடை கொஞ்சம் விட்டுக்கொடுத்தது.

அதன்பிறகு நாலைந்து நாளைக்கு ஒருமுறை மதினி ஒன்று சொல்வார். கையை இறுக்கி மூடாமல் ஓட வேண்டும், கை இறுகினால் தோளும் இறுகும். சைக்கிளில் கடைசித் தூரத்தை லேசாக மிதித்துவர வேண்டும். இறங்கினதும் வேகம் பிடிக்கக் கூடாது, முதல் பாலம் தாண்டும்வரை கால் தானாக வரட்டும் என்று விட்டுவிட வேண்டும். தினமும் முழுத் தூரமும் ஓடக் கூடாது. ஒருநாள் விட்டு ஒருநாள் புளியமரத்துக்குப் புளியமரம் உயிரைக் கொடுத்து ஓடி, அடுத்த மரம்வரை நடக்க வேண்டும். இதையெல்லாம் அண்ணன் எப்போது மதினியிடம் சொன்னான் என்று யோசித்தேன். கடையிலிருந்து வந்து சாப்பிடும்போது அவர்களுக்குள் ஏதோ ஓயாமல் பேச்சு நடக்கும். நான் காதில் வாங்கியதில்லை. என்னிடம் அவன் ஓட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஒருநாள் அம்மா குறுக்கே வந்தாள்.

“செத்தவன் பேச்ச எதுக்குத்தா தினம் இழுக்குற? வேற பேச்சு இல்லையா?”

மதினி வாயை மூடிக்கொண்டார். நாலு நாள், ஐந்து நாள், ஒன்றும் சொல்லவில்லை. நான் ஓடிவிட்டு வந்து படியில் உட்கார்வேன், எழுந்து குளிக்கப் போவேன். அடுத்த வாரம் ஒரு காலையில் அம்மாவே அடுப்படியிலிருந்து சொன்னாள்.

“ஏத்தா, அவனுக்கு என்னமோ சொல்லிக்கிட்டு இருந்தியே. சொல்லு. நின்டுபோச்சுல்ல.”

மதினி சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்சநேரம் யோசித்தார்.

“அம்புட்டுத்தான் அத்தை. வேற ஒண்ணும் அவுக சொல்லல.”

அம்மா சரி என்றாள். மதினி தண்ணீர்க்குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். அவர் திரும்பிவர நேரமானது. குழாயில் அன்று கூட்டம் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

இரண்டு நாள் கழித்து மதினி மறுபடி பேசினார்.

“தம்பி, மேட்டுல ஓடிப் பழகணும்னு சொன்னாக. மேட்டுல ஓடிட்டுச் சமதரையில ஓடுனா லேசா இருக்குமாம்.”

நான் சரி மதினி என்றேன். அண்ணனுக்கு மேடு ஆகாது. மலைக்கோயிலுக்குக் கூப்பிட்டால்கூட அடிவாரத்தில் நின்றுகொண்டு எங்களை அனுப்பிவைப்பான். முழங்காலில் சின்ன வயதில் அடிபட்டிருந்தது. அவன் அதைச் சொல்லியிருக்கவே முடியாது. மதினியின் முகத்தைப் பார்த்தேன். அதில் எதுவும் இல்லை.

அல்லிநகரத்துக்கு மேற்கே மலையடிவாரத்துக்கு ஒரு மண்பாதை ஏறும். வாரத்தில் இரண்டு காலை அதில் ஏறி ஓடினேன். முதல்நாள் பாதியிலேயே வாந்தி எடுத்தேன். பிறகு ஒத்துக்கொண்டது. மார்கழிப் பனியில் ஏறி உச்சியில் நின்றால் கீழே தென்னந்தோப்பும் ரோடும் மங்கலாகத் தெரியும். அழகாகத்தான் இருந்திருக்கும். நான் மூச்சு சீரானதும் இறங்கிவிடுவேன்.

பொங்கலுக்கு முந்தைய வாரம் நண்பன் வேகம் பார்க்க வந்தான். பாதித் தூரத்தில் பீடியைத் தூக்கி எறிந்துவிட்டு ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்தான். கடைசியில் சீட்டைவிட்டு எழுந்து நின்று மிதித்துக்கொண்டு வந்தான்.

“என்னப்பா பண்ணுன?” என்றான்.

“மேட்டுல ஓடுனேன்” என்றேன்.

பந்தயத்தன்று ஆற்றுத் தண்ணீர் ஐஸாக இருந்தது. மூன்றாவதாகக் கரையேறினேன். சைக்கிளில் ஒருவரைப் பிடித்தேன், வரும்வழியில் செயின் கழன்று மாட்டுவதற்குள் நான்கு பேர் தாண்டிப் போய்விட்டார்கள். இறங்கும்போது ஆறாவது ஆள். கால் கட்டையாகத்தான் இருந்தது. பாலம் வரட்டும் என்று விட்டேன். பாலம் வந்தது, சின்னச் சின்னதாக வைத்தேன். கை தானாகத் திறந்துகொண்டது. வயக்காட்டில் வேலைசெய்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவரைத் தாண்டினேன், பிறகு இன்னொருவரை, பழனிசெட்டிபட்டி தெரியும்போது மூன்றாமவரையும். முன்னால் போன இரண்டு பேரையும் பிடிக்க முடியவில்லை.

நண்பன் துண்டைக் கொடுத்தான். “உங்க அண்ணன் ஓடுன மாதிரியே இருந்துச்சுப்பா” என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கு ஏதாவது வருமா என்று நின்று பார்த்தேன். தாகம்தான் எடுத்தது.

வீட்டுக்கு வந்ததும் மதினி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். தாலி அறுத்தவள் பந்தயம் பார்க்க வருவதை ஊர் ஒத்துக்கொள்ளாது, அதனால் அவர் வரவில்லை. அம்மாவும் வரவில்லை. நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். எந்த இடத்தில் யாரைத் தாண்டினேன், அவர் போட்டிருந்த பனியன் என்ன நிறம் என்றெல்லாம் கேட்டார். அம்மா அடுப்படி நிலையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா தண்ணீர் எடுக்கப் போனபோது மதினி குரலைத் தாழ்த்தினார். “மேட்டுல ஓடச் சொன்னது அவுக இல்ல, தம்பி. நானாச் சொன்னது.”

“தெரியும் மதினி.”

“தெரிஞ்சுமா ஓடுனீக?”

“ஓடுனேன்.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போனார்.

மாசியில் ஜெயமங்கலத்திலிருந்து மதினியின் அப்பா வந்து அழைத்துப்போனார். பத்தாவது முடித்திருந்த பிள்ளை, டீச்சர் டிரெயினிங் சேர்த்துவிடப்போவதாகச் சொன்னார். அம்மா தடுக்கவில்லை. இருந்த புடவைகளில் நல்லது இரண்டை எடுத்துப் பையில் வைத்தாள். அடுத்த பொங்கலுக்குப் பந்தயம் நடக்கவில்லை. மன்றத்தில் பாதிப் பேர் வேலைக்கென்று திருப்பூர் பக்கம் போயிருந்தார்கள்.

சில வருடம் கழித்து மதினிக்குத் தேவதானப்பட்டியில் மறுகல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையும் வாத்தியார். அம்மா போய்விட்டு வந்து, “நல்லா இருக்கா” என்றாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

அதன்பிறகு மதினியை ஒரே ஒருமுறைதான் பார்த்தேன், ஆண்டிபட்டி பஸ் ஸ்டாண்டில். கையில் ஒரு பெண் குழந்தை. என்னைக் கண்டதும் அவரே வந்து பேசினார். அம்மாவைப் பற்றிக் கேட்டார், என் மனைவியைப் பற்றிக் கேட்டார்.

“இப்பவும் ஓடுறீகளா தம்பி?”

“இல்ல மதினி. விட்டாச்சு. நைட் ஷிப்டு.”

“பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்கு ஓட்டம் நாந்தான் சொல்லிக்குடுக்குறேன். பி.டி. டீச்சர் இல்ல, என் தலையில கட்டிட்டாக. வட்டார அளவுல ஒரு பிள்ளை ஜெயிச்சுச்சு.”

“மேட்டுல ஓடச் சொல்றீகளா?”

“அங்கன மேடு ஏது? குளத்தங்கரையில ஏத்தி எறக்குறேன்.”

மதுரை பஸ் வந்தது. கூட்டம் முண்டியது. குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் ஏறி இடம் பிடித்தார். ஜன்னல் வழியாகக் குழந்தையை நீட்டினேன். அது என் சட்டைக் காலரை விடவில்லை, விரல் விரலாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது. பஸ் கிளம்பியதும் எதிர்ப்பக்கம் போய்த் தேனி வண்டிக்கு நின்றேன்.