டிஸ்பாட்ச் அக்காவின் பாஸ்வேர்ட்

மும்பை விக்ரோலியில் ஒரு தனியார் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறேன். அங்கே பாஸ்வேர்ட் விதிகளைக் கொண்டுவந்தவன் நான்தான். நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பெரிய எழுத்து, எண், குறி எல்லாம் இருக்க வேண்டும். பழையதன் சாயலே கூடாது. சுற்றறிக்கையை நானே எழுதினேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

முதல் வாரமே டிஸ்பாட்ச் பிரிவு அக்கா என் மேஜைக்கு வந்தார். வீடு தாராவியில், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம்.

“தம்பி, பழசப் போட்டா எடுக்க மாட்டேங்கு. பின்னால ஒரு புள்ளி வச்சும் பாத்துட்டேன்.”

“பழசு என்னக்கா?”

யாரிடமும் கேட்கக் கூடாத கேள்வி. அவர் தயங்காமல் சொன்னார். ஓர் ஆண் பெயர், ஒரு வருஷம்.

நான் சிரித்துவிட்டேன். “பேரு, பொறந்த வருஷமெல்லாம் வைக்கவே கூடாதுக்கா. யார் வேணாலும் கண்டுபிடிச்சிடுவாங்க.”

“யாரு கண்டுபிடிக்கப் போறா? ரயில்லேர்ந்து விழுந்து அவன் போயி ஒம்பது வருசமாச்சு. வீட்டுல அவன் பேரச் சொல்லுததில்ல, அவன் அப்பாவுக்குத் தாங்காது. இங்கன வந்து காலைல ஒரு தடவ அடிப்பேன். அவ்வளவுதான்.”

அவருக்கு மட்டும் விலக்குத் தர என்னால் முடியும். இரண்டு நிமிஷ வேலை. பக்கத்து மேஜைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்க்கா,” என்றேன்.

“சரி தம்பி. அப்ப நீயே ஒண்ணு போட்டுக் குடு.”

வாய்க்கு வந்த எழுத்துகளையும் எண்களையும் சேர்த்து ஒன்று போட்டுக் கொடுத்தேன். அவர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போனார்.

சில மாதம் கழித்து மெஷின்களைச் சரிபார்க்கப் போனபோது, ஏறக்குறைய எல்லாக் கீபோர்டுக்கு அடியிலும் சீட்டு இருந்தது. அக்கா தன்னுடையதை மானிட்டர் ஓரத்திலேயே ஒட்டியிருந்தார், போகிறவர் வருகிறவர் எல்லோரும் படிக்கும்படி. ஒன்பது வருஷம் ஒருவரும் அறியாமல் அவர் மனதில் மட்டும் இருந்ததைப் பிடுங்கிவிட்டு, நான் ஏற்படுத்திய பாதுகாப்பு அது.

“அக்கா, இத இப்படி ஒட்டக் கூடாது.”

“மறந்து போகுதே தம்பி,” என்றார். கோபமே இல்லை. கோபப்பட்டிருக்கலாம்.

போன வருஷம் தலைமை அலுவலகமே அந்த விதி வேண்டாம் என்றது. நான்தான் நீக்கினேன். அதற்குள் அக்கா ஓய்வு பெற்றிருந்தார். சயான் ஸ்டேஷனிலிருந்து அவர் வீடு பத்து நிமிஷ நடை என்று விசாரித்து வைத்திருக்கிறேன். போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை. இன்னும் போகவில்லை.