பனைக்கு நேரே வாப்பா

என் வாப்பாவை அடக்கிய கபுறு எது என்பதை எங்கள் குடும்பத்தில் சரியாக அறிந்திருந்தவர் உம்மா ஒருவர்தான். இத்தனைக்கும் கல்முனைப் பக்கத்தில் பெண்களாகிய நாங்கள் கபுறுகள் இருக்கிற மையவாடிக்குள் போவதில்லை. உடலைச் சுமக்கிற சந்தூக்கு வாசலைத் தாண்டும்வரை அழலாம். அதற்குப் பிறகு அடக்குவதும், இடத்தை நினைவில் வைப்பதும், வைக்க மறப்பதும் ஆண்களின் வேலை. மறக்கிற வேலையை அவர்கள் குறைவில்லாமல் செய்தார்கள்.

வாப்பா காய்ச்சலில் மவுத்தானபோது எனக்குப் பத்து வயது தாண்டியிருந்தது. சம்மாந்துறை மில்லுக்கு நெல்லேற்றுகிற மாட்டு வண்டில்காரர் அவர். எங்கள் ஊரில் கபுறுக்குப் பெயர் வெட்டிய கல் வைக்கும் வழக்கம் அப்போது இல்லை. தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று என இரண்டு மீஸான் கட்டைகளை நடுவார்கள். கறையான் விட்டுவைக்கும்வரை அவை நிற்கும். அப்புறம் வெறும் மணல்; சில வருடம் போனால் அதே மணலில் வேறொருவர். வாப்பாவுக்கு அவருடைய வண்டிலின் முதிரைப் பலகையிலேயே கட்டை அறுக்கச் சொன்னார் உம்மா.

புருசன் மவுத்தானவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா முடிந்து, உம்மா வெளியே இறங்கிய முதல் வெள்ளிக்கிழமை, சாச்சி வீட்டுக்கு என்று சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். நேர்வழியை விட்டுவிட்டு மையவாடியை ஒட்டிய மணல் ஒழுங்கையால் நடந்தார். அங்கே ஒரு பொதுக்கிணறு இருந்தது. கிணற்றுக்கட்டில் சாய்ந்து கடல் பக்கம் பார்த்தால், முள்ளுக்கம்பி வேலிக்கு அப்பால் மீஸான் கட்டைகள், அவற்றுக்கும் அப்பால் ஒற்றைப் பனை. அந்தப் பனைக்கு நேரே, கண்ணுக்கு எட்டும் தூரத்தில், கறுத்துக் கட்டையாக இரண்டு பலகைகள்.

"அதான் வாப்பா. பனைக்கு நேர பாரு," என்றார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மெல்லிய குரலில் ஸலாம் சொன்னார். அதன்பிறகு எல்லா வெள்ளிக்கிழமையும் எங்களுக்குச் சாச்சி வீட்டில் ஏதோ ஓர் அலுவல் இருந்தது.

உம்மாவுக்கு ஒரேயொரு ஆசைதான். அதைத் தன் தம்பியிடம், அதாவது என் மாமாவிடம், அடிக்கடி சொல்லுவார். "நான் மவுத்தானா என்ன அவர்ர பக்கத்தில வைக்கச் செல்லு தம்பி. வேற ஒண்டும் வாணாம்."

"இப்பவே எடம் புடிச்சு வைக்க இதென்ன பஸ்ஸா ராத்தா?" என்பார் மாமா. எதையும் பகிடியாக்கிவிடுவார். ஆனால் அவர் கண் மட்டும் அந்த நேரம் எங்கள் பக்கம் இராது.

எழுபத்தெட்டில் சூறாவளி அடித்தது. விடிந்து வெளியே வந்து பார்த்தபோது ஊரையே காணோம். கூரைகள் வளவுக்கு வளவு மாறிக் கிடந்தன. தென்னைகள் றோட்டை மறித்து விழுந்து கிடந்ததால் சனங்கள் மையவாடிக்குள்ளால் நடந்து போனார்கள். வேலி என்று ஒன்று மிஞ்சியிருக்கவில்லை. ஆண், பெண் என்று யாரும் யாரையும் தடுக்கவில்லை. உம்மாவும் என் கையைப் பிடித்தபடி உள்ளே இறங்கினார். வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான்.

உள்ளே போய் நின்றவர் திகைத்துப்போனார். கட்டைகள் பிடுங்கப்பட்டுத் திசைக்கொன்றாய்க் கிடந்தன. மழை மேடுகளையெல்லாம் கரைத்துவிட்டிருந்தது. அங்கே நடந்தார், இங்கே நடந்தார், குனிந்து மணலைத் தொட்டுப் பார்த்தார். எனக்குப் பயமாக இருந்தது.

"இஞ்ச நிண்டா எனக்கு ஒண்டும் தெரியிதில்ல," என்றார் கடைசியில். "நீ நில்லு. நான் கிணத்தடிக்குப் போறன்."

தென்னைகளை விழுத்திய காற்று பனையை விட்டுவைத்திருந்தது. உம்மா கிணற்றுக்கட்டில் சாய்ந்து நின்று கையை வீசினார். "இன்னும் கொஞ்சம் அங்கால போ. கூடிப்போச்சு, இஞ்சால வா. தெற்கால ஒரு எட்டு வை. ஓம், ஓம், நில்லு! அதான்!" நான் நின்றேன். வாப்பாவின் பக்கத்தில் நிற்கிறேன் என்ற நினைப்பில் காலைத் தூக்கவும் மனம் வரவில்லை, ஊன்றவும் மனம் வரவில்லை. பிறகு மாமா வந்து, எங்கள் வீட்டுக் கூரையின் முறிந்த வளையில் இரண்டு துண்டு அறுத்து அந்த இடத்திலேயே நட்டார்.

அதற்கு இரண்டொரு வருடத்தின் பின் பள்ளிக்கூடத்தில் அனுராதபுரத்துக்குச் சுற்றுலா கூட்டிப்போனார்கள். ராசாக்கள் கட்டிய செங்கல் தாதுகோபங்களை அண்ணாந்து பார்த்து எனக்குக் கழுத்து வலித்தது. காட்டைத் தாண்டியும் தெரியும், எத்தனையோ தலைமுறையாக நிற்கிறது என்று ஆசிரியர் பெருமையாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து கையை விரித்து விரித்து அதன் அளவைக் காட்டினேன். உம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "அப்ப அந்த ராசாட பொண்டாட்டிக்குத் தேடுற வேலை மிச்சம்," என்றார், அதை ராசாவின் கபுறென்று எண்ணி. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அது பகிடியல்ல என்று விளங்க எனக்கு இன்னும் கொஞ்ச வயது போக வேண்டியிருந்தது.

எண்பதுகளின் நடுவில் எங்கள் ஊருக்குச் சவூதிக் காசு வந்தது. ஓட்டு வீடுகள் மாடி வைத்தன. பெட்டியளவு ரேடியோக்கள் தெருவில் நடந்து திரிந்தன. ஒருவர் மையவாடிக்கு மதில் கட்டித் தருவதாகப் பள்ளிவாசலில் எழுந்து நின்று சொன்னார். நல்ல மனுசன்தான், குறை சொல்ல மாட்டேன். ஆடு மாடு கபுறில் மிதிக்கக்கூடாது என்று அவர் நினைத்தார். அந்த நேரம் பார்த்து உம்மா அறுவடைக்கு உதவியாகச் சம்மாந்துறையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தார்.

அவர் திரும்பி வந்த வெள்ளிக்கிழமை கிணற்றடிக்குப் போனோம். முகத்துக்கு முன்னால் சாம்பல் நிறத்தில் மதில். ஆளுயரத்துக்கு மேலே. உம்மா அதைக் கையால் தடவிப் பார்த்தார். ஈரம் இன்னும் முழுதாய்க் காய்ந்திருக்கவில்லை. அதைவிடக் கொடுமையைப் பிறகுதான் மாமா சொன்னார். மதிலோடு மதிலாக உள்ளேயும் துப்புரவு செய்திருக்கிறார்கள். உக்கிப்போன கட்டைகள், சாய்ந்த கட்டைகள், பற்றை எல்லாவற்றையும் பிடுங்கி மணலை மட்டப்படுத்தியிருக்கிறார்கள். மீஸான் கட்டையை அடுப்பில் வைக்கவும் முடியாது, தெருவில் எறியவும் முடியாது. ஆகவே ஒரு மூலையில் கிடங்கு வெட்டி, வாப்பாவின் இரண்டும் சேர எல்லாக் கட்டைகளையும் மரியாதையாக அடக்கிவிட்டார்கள். அடையாளங்களுக்கே ஒரு கபுறு! எங்கள் ஊர் ஆண்களைத் தவிர வேறு யாருக்கு இந்தப் புத்தி வரும்?

மதிலின் வாசலில் மாபிள் கல் பதித்திருந்தார்கள். அதில் கட்டித்தந்தவரின் பெயர், தகப்பன் பெயரோடு. உள்ளே படுத்திருக்கிற ஒருவருக்கும் பெயரில்லை. அந்தக் கல்லைக் காணும்போதெல்லாம் எனக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் அடங்கவில்லை.

உம்மா ஆத்திரப்படவில்லை. பள்ளிவாசல் நிர்வாகம் பார்த்த மரைக்காரின் வீட்டுக்குப் போய்க் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டார். "கிணத்தடி நேருக்கு ஒரு சன்னல் போல விட்டுத் தாங்க. சின்னனாப் போதும்."

"பொம்பிளையள் எட்டிப் பாக்கக்கூடாதெண்டுதானே புள்ள மதிலே கட்டின," என்றார் மரைக்கார். அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன்.

கடைசி வழியாக மாமாவை உள்ளே அனுப்பினார். சூறாவளி முடிந்து என்னை நிறுத்தியதுபோல அவரை நிறுத்திப் பார்க்கிற எண்ணம். மதிலுக்கு மேலால் ஆள் தெரியாது என்பதால் மாமா குடையை விரித்து உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தார். மதில் விளிம்பில் ஒரு கறுப்புக் குடை மட்டும் தனியாக அசைந்து போனதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. உம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "வடக்கால வா, வடக்கால வா, நில்லு," என்று கத்தினார். குடை பனைக்கு நேராக வந்து நின்றது.

"இஞ்சயா ராத்தா?" என்று உள்ளேயிருந்து குரல்.

உம்மா குதிக்காலில் எக்கிப் பார்த்தார். பனைக்கு நேர்தான். ஆனால் கிட்டவா, தூரவா? மணல் தெரியாமல், மாமாவின் கால் தெரியாமல், அதை எப்படிச் சொல்வது? குடை கொஞ்சம் முன்னுக்குப் போனது, கொஞ்சம் பின்னுக்கு வந்தது. எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தது.

"இஞ்சயா?" என்று மாமா திரும்பவும் கேட்டார்.

"போதும் தம்பி. வெயிலுக்குள்ள நிக்காத, வா," என்றார் உம்மா. அதன் பின்னரும் வெள்ளிக்கிழமைகளில் கிணற்றடிக்குப் போனார். மதிலுக்கு ஸலாம் சொல்லிவிட்டு வருவார்.

எண்பதுகள் முடிகிற காலத்தில், சண்டையால் றோட்டில் இறங்கவே பயந்த நாட்களில், உம்மா மவுத்தானார். ஊரடங்கு தொடங்குவதற்குள் அடக்கிவிட வேண்டும் என்று எல்லாரும் அவசரப்பட்டார்கள். குழி வெட்டுகிறவர்கள் வந்து வாசலில் நின்று எந்த இடம் என்று கேட்டார்கள். நான் மாமாவைப் பார்த்தேன். மாமா என்னைப் பார்த்தார். இடம் தெரிந்த ஒரே ஆளை நாங்கள் அப்போதுதான் கபன் துணி சுற்றி முடித்திருந்தோம்.

அடக்கிவிட்டு மாமா திரும்பி வந்தபோது கால் முழுக்க மணல். நான் தண்ணீர் ஊற்றினேன்.

"பனைக்கு நேராத்தான் வெச்சம் மகள்," என்றார்.

"வாப்பாக்குக் கிட்டயா மாமா?"

வாழ்நாளெல்லாம் பகிடி விட்ட மனுசன். அன்றைக்குக் குனிந்தபடி காலைக் கழுவிக்கொண்டேயிருந்தார். மணலெல்லாம் போன பிறகும் கழுவினார்.

"கிட்டத்தான் எண்டு நினைச்சுக்க," என்றார்.

நினைத்துக்கொள்கிறேன். சில நாள் ஒரு முழம் என்று நினைக்கிறேன், சில நாள் ஒரு மையவாடி தூரம் என்று. வேறென்ன செய்ய?