சவ வண்டியின் நம்பர்

அன்றைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இருந்தவர்கள்: நான், என் அக்கா, அக்காவின் கணவர், எங்கள் சபையின் பாஸ்டர், சபையிலிருந்து வந்த இரண்டு அம்மாமார், மக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் எதிர்வீட்டு மலாய் அம்மா, சவ வண்டி ஓட்டுநர், குழி வெட்டியவர். பெட்டிக்குள் என் மனைவி. வேலை நாள், காலை நேரம், யாரைக் குறை சொல்வது? பிள்ளைகள் எங்களுக்கு இல்லை.

முந்தின நாள் மழையில் குழிக்குள் தண்ணீர் ஊறிக்கிடந்தது. நான் கவலைப்படுவதற்கென்றே பிறந்தவன். பாஸ்டர் ஜெபிக்கும்போதும் தண்ணீர் வற்றிவிட்டதா என்று கண்ணைத் திறந்து பார்த்தேன். அப்போதுதான் அக்கா கணவர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், வண்டியின் பின்பக்கம் நின்று கைப்பேசியால் நம்பர் பலகையைப் படம் எடுத்துக்கொண்டிருந்ததைக் கண்டேன்.

எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. சாவு வீட்டுக்குப் போனால் சவ வண்டியின் நம்பரோ இறந்தவரின் வயதோ, ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு நாலு நம்பர் லாட்டரிக் கடைக்குப் போவார்கள். போகிறவர் ஏதாவது கொடுத்துவிட்டுப் போவார் என்று ஒரு நம்பிக்கை. நானும் பல வருடம் அப்படி ஓடியவன்தான். ஆரம்பப் பள்ளியோடு படிப்பை நிறுத்தி லூபோக் சீனா பக்கத்து எஸ்டேட்டில் வேலைக்குப் போன நாளிலிருந்து அந்தப் பழக்கம். சனிக்கிழமை சாயங்காலம் முடிவு வரும் நேரத்தில் என் வயிறு புரளும். நம்பருக்குப் பரிசு விழுந்தாலும் புரளும், விழாவிட்டாலும் புரளும், ஒரு எண் தள்ளி விழுந்தால் இரண்டு நாள் சோறு இறங்காது.

என் மனைவி அதற்காக என்னைத் திட்டியதில்லை. ஜெபம் பண்ணினாள், அவ்வளவுதான். நான் ஞானஸ்நானம் எடுத்தபோது யாரும் கேட்காமலே நம்பரை விட்டேன். அடுத்த சனிக்கிழமை ஏழு மணிக்கு அடுப்படி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அவள் தோசை சுட்டுக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

“என்ன, சும்மா உக்காந்திருக்கீங்க?”

“சும்மாதான்.”

எனக்கே ஆச்சரியம். வயிற்றில் ஒன்றும் புரளவில்லை. தேவ சமாதானம் என்று மற்றவர்கள் சாட்சி சொல்லும்போது எனக்கு அந்த ஸ்டூல்தான் ஞாபகம் வரும்.

அடக்கத்துக்கு ஆயிரத்து எண்ணூறு வெள்ளி மாமாதான் கொடுத்தார். நான் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே சட்டைப்பையில் திணித்தார். நல்ல மனிதர். அதைச் சொல்லாமல் மீதியைச் சொல்லக்கூடாது.

அந்தச் சனிக்கிழமை வண்டி நம்பர் விழுந்தது. மறுநாள் நான் சபையிலிருந்து வந்து சட்டை மாற்றுவதற்குள் மாமாவும் அக்காவும் பிரியாணிப் பொட்டலத்தோடு ஆயர் குரோவில் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

“டேய் மச்சான், விழுந்துருச்சுடா! நாலு நம்பரும் அப்படியே!” மாமாவுக்கு மூச்சு வாங்கியது. “உன் பொண்டாட்டி சும்மா போகல. அந்த ஆயிரத்து எண்ணூற மறந்துரு. அதான் அவளே கட்டிட்டாளே. முடிஞ்சிச்சு லா.”

அவள் எதிலிருந்து என்னை விடுவிக்கச் சொல்லி அத்தனை வருடம் முழங்காலில் நின்றாளோ, அந்தக் காசிலா அவளுடைய பெட்டி?

“மாமா, அது கடனாவே இருக்கட்டும். மாசா மாசம் குடுத்துர்றேன்.”

“என்னாடா, என் காசு உனக்குத் தீட்டா?”

“அப்படி இல்ல மாமா.”

“நீ ஜாகா வேலை செஞ்சு கட்டி முடிக்கிறதுக்குள்ள நானே அந்த வண்டியில ஏறிருவேன்!”

அக்கா என் கையைப் பிடித்தாள். “ஆசையா குடுக்கிறாருடா. வாங்கிக்கயேன். உனக்குன்னு வேற யாரு இருக்கா?”

அது உண்மை. அவர்கள் போன பிறகு பொட்டலம் கட்டு அவிழாமல் மேசையில் கிடந்தது.

பாஸ்டரிடம் கேட்டேன். “அவரே விட்டுட்டேன்னு சொன்ன கடன கட்டாம இருக்கிறது பாவம்னு நான் சொல்ல மாட்டேன், பிரதர். கட்டணும்னு தோணுச்சுன்னா கட்டுங்க. ஜெபம் பண்ணுங்க,” என்றார். கூடும், கூடாது என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சொல்லவில்லை.

தொழிற்சாலை வாசலில் காவலுக்கு நின்று லாரிகளுக்குக் கம்பத்தைத் தூக்கி இறக்கிக்கொண்டே யோசித்தேன். இது வீம்போ? அக்காவைவிட ஒரு கொள்கை பெரிதோ? கடைசியில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்தக் காசை ஏற்றுக்கொண்டால் அடுத்த சனிக்கிழமை ஏழு மணிக்கு, ‘என்ன விழுந்துச்சு மாமா’ என்று நானே ஃபோன் போடுவேன். என் வயிறு எனக்குத் தெரியும். சம்பளம் வந்ததும் ஐம்பது வெள்ளியை எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் லூபோக் சீனாவில் மாமா வீட்டுக்குப் போனேன்.

மாமா உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. அக்கா கேட் கம்பிக்கிடையில் கை நீட்டி நோட்டை வாங்கிக்கொண்டாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. ஒவ்வொரு மாதமும் அப்படியே. தீபாவளிக்கு அழைப்பில்லை. கிறிஸ்மஸுக்கு நான் கொண்டுபோன கேக், வீடு பூட்டியிருந்ததால் திரும்பி வந்து மக்சிக் வீட்டுக்குப் போனது. சபையில் எல்லோரும் அன்பாகத்தான் கை கொடுக்கிறார்கள், பிறகு அவரவர் காரில் ஏறுகிறார்கள். பால் டின்னில் அரை அளவு அரிசி போட்டாலும் எனக்கு மிஞ்சுகிறது.

கவலையும் போகவில்லை. கேஸ் அடுப்பை மூடினேனா என்று டிராஃபிக் லைட் வரை போய்த் திரும்பி வருகிறவன்தான் இன்றைக்கும். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் கீழே காப்பிக் கடையில் யாராவது நம்பரைக் கத்திச் சொல்லும்போது நான் மேலே என் ஒரு தட்டைக் கழுவிக்கொண்டிருப்பேன். “சும்மாதான்” என்று சொல்ல ஆள் இல்லை. கர்த்தரிடம் சொல்கிறேன். வயிறு புரளுவதில்லை. தனியாக இருக்கிறேன், ஆனாலும் கைவிடப்பட்டவன் மாதிரி இல்லை. இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது.

போன மாதம் கேட்டுக்கு மாமாவே வந்தார். நோட்டை வாங்கி வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

“கள்ள நோட்டா இருக்கப்போவுது. இந்தக் காலத்துல அல்லேலூயாக்காரனையும் நம்ப முடியல.”

உள்ளே அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது. மாமா நோட்டை மடித்துப் பையில் வைத்தார். கேட்டைத் திறக்கவில்லை, போகவும் இல்லை. எப்போதோ மறந்துவிடச் சொன்ன கடனை அவரே கேட்டார்.

“இன்னும் எவ்ளோடா பாக்கி?”

“ஆயிரத்து நூத்தம்பது வெள்ளி, மாமா.”