மருந்துக்கு ஆம்பூரில் சொன்ன விலை

“தோல் பதம் பண்ற டேனரியில வேலை செய்றவர் பொண்ணு நீ. மருந்து கம்பெனி இன்னா வெலை போகும்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?” என்றார் ஆம்பூர் தோல் வியாபாரி பாய். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். கம்பெனிகளுக்கு விலை மதிப்பிடும் தொழிலில் இது என் முதல் வேலை. அவர் வாங்க நினைத்த கம்பெனியின் ஒரே மருந்து இன்னும் சோதனையில் இருந்தது. அது தோற்கவும் கூடும் என்று விலையைப் பாதியாகக் குறைத்திருந்தேன்.

“முடியோட இருக்கிற ஆட்டுத்தோலுக்கு, பதம் பண்ணின தோல் வெலை குடுப்பீங்களா பாய்?”

“எப்டிம்மா? முடி எடுத்தாத்தானே வடு, ஓட்டை தெரியும்.”

“இந்த மருந்துக்கு இன்னும் முடி எடுக்கல பாய்.”

பாய் வாய்விட்டுச் சிரித்தார். “விக்கிறவங்ககிட்ட உன் வெலையே பேசும்மா.”

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்பாவின் தொழிலும் என் படிப்புதான் என்று அன்று புரிந்தது. பஜாரில் அறை பிடித்து, மதிப்பீட்டாளர் என்று என் பெயர்ப் பலகையை மாட்டிவிட்டேன்.