வலியதுறைச் சுங்கக் கொட்டகையில் ஒரு தையல் மெஷின்

கொழும்பிலிருந்து திருவனந்தபுரத்துக்குக் கடல் வழியாக வரலாமா, சாமான்களுக்குச் சுங்கம் எவ்வளவு தீட்டுவார்கள் என்று நான் வேலை பார்க்கும் கச்சேரியில் மூன்று பேர் என்னைக் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்றுவதைவிட எழுதியே போட்டுவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். இதில் நான் அசடு வழிந்த இடம் ஒன்று வருகிறது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் உங்களுக்கு உபயோகப்படப் போவது அதுதான்.

போன நவராத்திரிக்கு நான் கொழும்பு போனது என் தங்கை விசாலத்தை அழைத்து வருவதற்காக. அவள் கணவர் ரங்கூனுக்குப் போனவர். நாலு வருஷமாகக் கடிதமும் இல்லை, ஆளும் இல்லை. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் அண்ணா வீட்டில் கடைசி இரண்டு வருஷம் இருந்தாள். பக்கத்து வீட்டு மெஷினில் தையல் பழகி, ரவிக்கையும் சட்டையும் தைத்துக் கொடுத்துக் காசு சேர்த்தாள். கரமனையில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடு என்று நான் எழுதியபோது, சொந்தமாக ஒரு மெஷின் வாங்கிக்கொண்டுதான் வருவேன், வெறுங்கையோடு வந்து உங்காத்தில் உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்று பதில் போட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது, எழுபத்தைந்து ரூபாய்க்கு வாங்கிய கைப்பிடி மெஷின் ஒன்று பளபளவென்று கூடத்தில் உட்கார்ந்திருந்தது.

வழியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ரயிலில் வந்தால் தலைமன்னாரில் கப்பல், தனுஷ்கோடியில் ரயில், மதுரையில் வேறு ரயில், பிறகு செங்கோட்டை மலை. மெஷினை அத்தனை இடத்திலும் தூக்கி இறக்கினால் என் முதுகு என்னுடையதாக இருக்காது. ஆகவே வலியதுறைக்கு வரும் சரக்குக் கப்பல் ஒன்றில் மேல்தட்டுச் சீட்டு வாங்கினேன். ஆளுக்கு ஆறு ரூபாய். மாலை நாலு மணிக்குக் கிளம்பினால் மறுநாள் பகல் ஒரு மணிக்கு வலியதுறை. சாப்பாடு நம்முடையது, புளியோதரையும் தயிர்சாதமும் தாராளமாகக் கட்டிக்கொள்ளுங்கள். ஆடி மாதத்தில் மட்டும் இந்த வழியை நினைக்கவே வேண்டாம், கடல் கொந்தளிக்கும்.

இனிச் சுங்கம். நான் குமாஸ்தா, அச்சடித்த விதி எதையும் ஓர் எழுத்து விடாமல் படிக்கிறவன். கிளம்புவதற்கு முன்பே சுங்க விதித்தாளை வாங்கி நாலு தரம் படித்திருந்தேன். பயணி புழங்கி வரும் சொந்தச் சாமானுக்கு வரி இல்லை, அவர் செய்துவரும் தொழிலின் கருவிக்கு வரி இல்லை, புதிதாக வாங்கிய மற்றச் சாமானுக்கு மதிப்பில் நாலில் ஒரு பங்கு. மெஷினுக்கு வரி விழுந்தால் பதினெட்டே முக்கால் ரூபாய். என் பையில் மிச்சம் ஒன்பது. கட்டாவிட்டால் மெஷின் கிடங்குக்குப் போகும், தினவாடகையும் ஏறும். என் சம்பளத்தில் அதை மீட்க எத்தனை மாதமாகுமோ. அதுவரை வெறுங்கையோடு விசாலம் எங்கள் வீட்டில் எப்படி இருப்பாள்?

வீட்டிலிருந்து ரவிக்கை தைப்பதைத் தொழில் என்று எந்த அதிகாரியும் ஒப்பமாட்டார் என்பது என் எண்ணம். அதனால், கிளம்புவதற்குள் நாலு துணியைத் தைத்து மெஷினைப் பழசாக்கு என்றேன். அவள் கேட்டால்தானே. புது மெஷினை விஜயதசமியன்றுதான் தொடுவேன் என்று ஒரே பிடிவாதம். கப்பல் கிளம்பியதோ சரஸ்வதி பூஜையன்று. காலையில் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூஜை முடித்தாள். பூஜையில் வைத்ததை எடுக்கலாம், தைக்கத்தான் கூடாது என்று அவளே ஒரு விதி சொல்லி, பொட்டோடு பெட்டியில் வைத்து எடுத்து வந்தாள். சாவியால் நாலு கீறலாவது போடுகிறேன் என்று நான் சொன்னதற்கு, ராத்திரி முழுக்கப் பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு தூங்கினாள்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு நடுக்கடலில் அவள் தொழில் ஆரம்பமாயிற்று. எங்கள் ஊர்ச் சாலைத் தெருவில் பாத்திரக் கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர் எங்களுக்கு அடுத்த பாயில் இருந்தார். மெஷினைக் கண்டதும் தோள்பட்டையில் கிழிந்த தம் சட்டையைக் கழற்றி நீட்டினார். இரண்டு சென்ட் ஆகும் என்றாள் விசாலம். முன்பின் தெரியாதவரிடம் காசு கேட்கிறாளே என்று எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. அவரோ சந்தோஷமாகக் கொடுத்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். தலையணை உறை, பை, வேட்டி, மாலுமி ஒருவரின் கால்சட்டை என்று பத்து மணிக்குள் பதினோரு உருப்படி. கப்பல் ஆடிய ஆட்டத்தில் தையல் ஆற்றுமணலில் நண்டு போன தடமாக வளைந்தது. விசாலம் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

வலியதுறையில் கப்பல் கரைக்கு வராது. அரை மைல் தள்ளி நங்கூரம் போடும். படகில் இறங்கி, கடலுக்குள் நீட்டிக் கட்டியிருக்கும் இரும்புப் பாலத்துக்கு வந்து, ஏணியில் ஏற வேண்டும். படகுக்கு ஆளுக்கு நாலு சக்கரம், நம் சமஸ்தானத்துக் காசு. முன்பே சில்லறை மாற்றிக்கொள்ளுங்கள், கொழும்புக் காசைப் படகுக்காரர்கள் தொடமாட்டார்கள். பெண்கள் ஏணியில் ஏறப் பயப்பட வேண்டியதில்லை, கைகொடுக்க ஆள் உண்டு. மெஷின் பெட்டி கயிற்று வலையில் ஆடிக்கொண்டே மேலே போயிற்று. அது பாலத்தில் உட்காரும்வரை விசாலம் மூச்சே விடவில்லை.

பாலத்தின் கரைக்கோடியில் சுங்கக் கொட்டகை. அதிகாரி சுசீந்திரம் பக்கத்து நாஞ்சில் நாட்டுக்காரர், ஐம்பது வயது இருக்கும். விஜயதசமியன்றும் வேலைக்கு வரவேண்டியதாகிவிட்டதே என்ற கடுப்பு முகத்தில் தெரிந்தது. அண்ணா கொடுத்தனுப்பிய இரண்டு ராத்தல் தேயிலையைப் பார்த்து, நம்மூர் மலையில் போனக்காட்டில் விளையும் தேயிலை உங்களுக்குப் போதாதோ என்று கேட்டு, சொற்பம்தானே என்று வரி போடாமல் சுண்ணக்கட்டியால் குறி போட்டுத் தள்ளினார். பிறகு மெஷினைத் திறந்தார். குங்குமப் பொட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். புதுசோ என்றார்.

நான் தயாராக இருந்தேன். நேற்று சரஸ்வதி பூஜை அல்லவா, புழங்குகிற கருவிக்கெல்லாம் பொட்டு வைப்பது வழக்கம், இது என் தங்கை வெகுநாளாகப் புழங்கி வருவது என்று கூசாமல் அளந்தேன். பொட்டைப் பற்றிச் சொன்னது அவருக்குச் சரியாகத்தான் பட்டது. சுண்ணக்கட்டி பெட்டி அருகில் வந்துவிட்டது. அப்போது பின்னால் வரிசையில் நின்ற பாத்திரக் கடைக்காரர், தோள்பட்டையைத் தடவிக்கொண்டே முன்னால் வந்தார்.

"கேட்டியளா சார், இந்த மிஷின்ல மொதத் தையலே நம்ம சட்டைக்குத்தான். விஜயதசமியும் அதுவுமா. இந்த வருசம் யாவாரம் பிச்சிக்கிட்டுப் போகும் பாருங்க."

பாவம், அவருக்கு அது பெருமை. யாராக இருந்தாலும் அதை ஊருக்கெல்லாம் சொல்லத்தான் செய்வார்கள். நான் பெட்டி மூடியை மூடப் போனேன்.

"சாரே," என்றார் அதிகாரி என்னிடம், மிகவும் மெதுவாக. "நீரு வெகுநாளா பொழங்குனதுன்னு சொன்னீரு. இவரு இன்னைக்குத்தான் மொதத் தையல்னு சொல்லாரு. ரெண்டுல எது நிசம்?"

நான் விதித்தாளை எடுக்கப் பையில் கையை விட்டேன். விசாலம் முன்னால் வந்தாள்.

"அண்ணா சொன்னது சரியில்லை. இது எட்டு நாள் முன்னாடி நான் வாங்கினது, இன்னிக்குத்தான் தொட்டேன். ஆனா தையல் எனக்குப் புதுசில்லை. ரெண்டு வருஷமா அதுதான் என் பொழைப்பு. இனிமேலும் அதுதான்."

தொழில் கருவி என்றால் தொழில் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, அதிகாரி பாத்திரக் கடைக்காரரின் தோள்பட்டையைக் கிட்டே போய்ப் பார்த்தார். நண்டுத் தடம் அவருக்குத் திருப்தியளிக்கவில்லை. ஆணியில் மாட்டியிருந்த தம் காக்கிக் கோட்டை எடுத்துப் போட்டார். பை ஒன்று பாதி பிய்ந்து தொங்கியது. இதைத் தைத்துக் காட்டுங்கள் என்றார். நன்றாகத் தை, சீக்கிரம் தை என்று நான் மனதுக்குள் எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன். விசாலமோ உடனே தைக்கவில்லை. கோட்டை வெளிச்சத்தில் பிடித்து, உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தாள்.

"பை மட்டும் இல்லை, உள்துணியும் விட்டிருக்கு. ரெண்டு சக்கரம் ஆகும்."

பதினெட்டே முக்கால் ரூபாய் அந்தரத்தில் தொங்கும்போது இரண்டு சக்கரம் கேட்கிறாளே. அவள் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுக்கலாமா என்று பார்த்தேன்.

"எங்கிட்டயா கூலி?" என்றார் அதிகாரி.

"எல்லார்கிட்டயும் அதான்."

ஆமாம், கப்பலில் எங்களிடமும் கூலி வாங்கினார்கள் என்று கடைக்காரர் சாட்சி சொன்னார். அதிகாரி கோட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உடம்பு குலுங்கச் சிரித்தார்.

"இந்தக் கொட்டகையில எனக்கு ஓசியில செய்து தாறேன்னு சொன்னவங்களைத்தான் இதுவரைக்கும் கண்டிருக்கேன் கேட்டோ. கூலி சொன்ன ஆளு நீங்கதான். தைங்கம்மா."

ஆடாத தரையில் தையல் நூல் பிடித்தாற்போலப் போயிற்று. எட்டு நிமிஷம். அவர் பைக்குள் கையை விட்டு முட்டித்தள்ளிப் பார்த்தார், உள்துணியைப் பார்த்தார், இரண்டு சக்கரத்தை எண்ணி அவள் உள்ளங்கையில் வைத்தார். புத்தகத்தில் எழுதியதை நான் தலைகீழாகப் படித்தேன்: தையல் மெஷின் ஒன்று, தொழில் கருவி, வரி இல்லை. என்னை மட்டும் ஒரு பார்வை பார்த்தார். அதை நான் இங்கே விவரிப்பதாக இல்லை.

வலியதுறையிலிருந்து கரமனைக்கு நாலு மைல், குதிரை வண்டிக்கு எட்டுச் சக்கரம், முக்கால் மணி. கோட்டைப் பக்கம் நவராத்திரிக் கூட்டத்தில் சிக்காமலிருக்க வண்டிக்காரரிடம் முன்பே சுற்றுவழி சொல்லிவிடுங்கள். வண்டியில் விசாலம் அந்த இரண்டு காசையும் முந்தானையில் முடிந்துகொண்டு, கரமனை ஆற்றைப் பார்த்ததும் இன்னொரு தரம் சிரித்தாள். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிற்று. காற்றில் மண் விழுந்தது என்றேன்.

போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். புதுச் சாமானைப் புதுசென்றே சொல்லுங்கள். தொழில் கருவியாக இருந்தால் அதையும் சொல்லுங்கள், செய்து காட்டவும் தயாராக இருங்கள். பெட்டி திறப்பதற்குச் சிரமமில்லாமல் மேலாகக் கட்டுங்கள். அதிகாரியைவிட விதி எனக்குத் தெரியும் என்று நினைக்காதீர்கள்.

மறுநாள் காலை கச்சேரிக்குக் கிளம்பும்போது, பாலத்து ஏணியில் மாட்டிக் கிழிந்த என் சட்டையை விசாலத்திடம் கொடுத்தேன். தைத்து மடித்துக் கொடுத்தாள். நான் நகர்ந்தேன். அவள் கையை நீட்டினாள்.

"ஒரு சக்கரம், அண்ணா."

கொடுத்தேன். அந்தக் காசில் அன்றைக்கு எங்கள் வீட்டுக்குக் காய்கறி அவள்தான் வாங்கினாள்.